ஹாரியட் வின்ஸ்லோவைத் தேடப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் பெண் கல்வி பற்றிப் பேச்சு வந்தால் உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியும், 1824-ல் அதைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரி ஹாரியட் வின்ஸ்லோவும் கூடவே வந்துவிடுவார்கள். பள்ளியைப் பற்றி எழுதியவர்கள் நிறைய உண்டு. அந்த அம்மையார் யாருடைய மகள், கூடப் பிறந்தவர்கள் யார், பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று ஆதாரத்தோடு ஒரு குடும்ப வரலாறு எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஒரு மாத வேலை என்று நினைத்தேன். 14 மாதம் ஆனது. கையிலிருந்து ஏறக்குறைய 60,000 ரூபாய் போனது. அதில் பாதிக்கு மேல் வீண். கேட்டுத் தெளிய ஒருவரும் கிடைக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பெண் ஒருத்தியைத் தேட ஆரம்பிக்கும் யாரும் நான் விழுந்த குழிகளிலேயே விழக் கூடாது என்பதற்காக, நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் தவறு முதல் நாளே நடந்தது. ஹாரியட் வின்ஸ்லோ என்ற பெயரை அப்படியே தேடுபொறியில் போட்டேன். பிறப்பு, பெற்றோர், ஊர், எழுதிய கவிதை என்று எல்லாம் வந்து குவிந்தன. மூன்று வாரம் குறிப்பெடுத்த பிறகுதான் அது வேறு ஒருவர் என்று தெரிந்தது. அவர் மேய்ன் மாநிலத்தின் போர்ட்லண்டில் 1819-ல் பிறந்த கவிஞர். பெண்கள் வாக்குரிமைக்காக உழைத்தவர். பின்னாளில் ஹாரியட் வின்ஸ்லோ சூவல் என்று அறியப்பட்டவர். அவருக்கு வின்ஸ்லோ பிறந்த வீட்டுப் பெயர். நம்முடையவருக்கோ அது புகுந்த வீட்டுப் பெயர். 1796-ல் கனெக்டிகட் மாநிலத்தின் நார்விச்சில் பிறந்தபோது அவர் ஹாரியட் வாட்ஸ்வொர்த் லேத்ராப். 1819-ல் மிஷனரி மைரன் வின்ஸ்லோவை மணந்த பிறகுதான் வின்ஸ்லோ ஆனார். ஒருவர் வின்ஸ்லோவாகப் பிறந்த அதே ஆண்டில் இன்னொருவர் வின்ஸ்லோவாக மாறினார். இந்த இரண்டையும் நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பினேன்.

அதனால் தேடலைத் தொடங்கும் முன் ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். இடது பக்கம் பிறந்த வீட்டுப் பெயரும் அது செல்லும் ஆண்டுகளும். வலது பக்கம் ஒவ்வொரு திருமணப் பெயரும் அது தொடங்கும் ஆண்டும். நம்முடைய ஹாரியட்டை 1819-க்கு முன் லேத்ராப் என்றுதான் தேட வேண்டும், அதற்குப் பின் வின்ஸ்லோ என்றுதான். அந்தக் காலத்து ஆவணங்களில் கணவர் பெயருக்கு முன் திருமதி போட்டு "திருமதி எம். வின்ஸ்லோ" என்று எழுதும் வழக்கமும் உண்டு. அங்கே பெண்ணின் சொந்தப் பெயர் ஓரெழுத்துகூட இருக்காது. இதில் இன்னொரு பொறியும் உண்டு. மைரன் வின்ஸ்லோ வாழ்நாளில் ஐந்து முறை மணந்தவர். ஹாரியட் 1833 ஜனவரியில் உடுவிலில் இறந்தார். மைரன் மறுபடி மணந்த பிறகு எழுதிய கடிதத்தில் வரும் "திருமதி வின்ஸ்லோ" வேறொரு பெண்மணி. தேதி பார்க்காமல் எடுத்த ஏழெட்டுக் குறிப்புகளை நான் இதனால் கிழித்துப் போட வேண்டியதாயிற்று.

சரி, லேத்ராப் குடும்பத்துக்குள் போய்விட்டோம், இனிக் குழப்பமில்லை என்று நினைத்தேன். அங்கே ஒருவருக்கு மூன்று ஹாரியட் இருந்தார்கள். அக்கா ஹாரியட் வாட்ஸ்வொர்த். தங்கை ஹாரியட் ஜோவன்னா. அவரும் மிஷனரி ஒருவரை மணந்து யாழ்ப்பாணம் வந்து ஹாரியட் பெர்ரி ஆனவர். மூன்றாவது, அக்காவின் மகள் ஹாரியட் லேத்ராப் வின்ஸ்லோ. 1829-ல் உடுவிலில் பிறந்தவர். இந்த மகளின் பெயரைச் சுருக்கி எழுதினால் ஹாரியட் எல். வின்ஸ்லோ. தாயின் பெயரையும் லேத்ராப் என்பதன் முதலெழுத்தைப் போட்டு ஹாரியட் எல். வின்ஸ்லோ என்றே எழுதியிருக்கிறார்கள். அமெரிக்கத் துண்டுப் பிரசுரச் சங்கம் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றின் தலைப்பிலேயே அப்படித்தான் இருக்கிறது. இணையத்தில் யாரோ போட்டு வைத்திருந்த குடும்ப மரம் ஒன்றில் தாயையும் மகளையும் ஒரே ஆளாக்கி, 1829-ல் பிறந்து 1833-ல் இறந்து ஆறு பிள்ளை பெற்றவராகக் காட்டியிருந்தார்கள். சிரிக்கத் தோன்றவில்லை, அதைப் பத்துப் பேர் அப்படியே நகலெடுத்து வைத்திருந்தார்கள். ஒரு தகவல் பத்து மரத்தில் இருப்பதால் அது பத்து ஆதாரம் ஆகாது. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் மூல ஆவணத்தின் படம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைத் துப்பாக மட்டும் வைத்துக்கொண்டு தேடிப் போங்கள்; வரலாற்றில் சேர்க்காதீர்கள்.

இதோடு ஹாரியட் நியூவெல் என்ற பெயரும் வந்து குறுக்கே நிற்கும். அவர் மாசசூசெட்ஸின் ஹேவர்ஹிலில் பிறந்து, 1812-ல் மொரீசியஸில் 19 வயதில் இறந்த மிஷனரி மனைவி. அவருடைய நினைவு நூல் நியூ இங்கிலாந்து வீடுகளில் அவ்வளவு படிக்கப்பட்டதால், பெண் பிள்ளைகளுக்கு ஹாரியட் நியூவெல் என்று முழுப் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். அப்படிப்பட்ட ஒருத்தியைப் பார்த்தால் அவள் நியூவெல் குடும்பத்துப் பெண் என்று எண்ணிவிடாதீர்கள். யாழ்ப்பாணத்துப் பள்ளிப் பட்டியல்களில் இது இன்னும் ஒரு படி மேலே போகும். பிள்ளையின் செலவை ஏற்ற அமெரிக்கக் கொடையாளி விரும்பிய பெயரை இங்குள்ள தமிழ்ப் பிள்ளைக்கு வைக்கும் ஏற்பாடு அன்று இருந்தது. பள்ளி அறிக்கையில் அச்சு அசல் அமெரிக்கப் பெயராக இருக்கும். ஆள் மானிப்பாயிலோ சங்கானையிலோ பிறந்த பெண்ணாக இருப்பார்.

இனி நடுப்பெயர். இதில்தான் எனக்கு அதிகப் பணம் போனது. அமெரிக்கக் குடும்பங்களில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரைப் பிள்ளைக்கு நடுப்பெயராக வைப்பது வழக்கம் என்று எங்கோ படித்திருந்தேன். வழக்கம்தான். மகள் ஹாரியட் லேத்ராப் வின்ஸ்லோவின் நடுப்பெயர் அப்படி வந்ததுதான். அதே கணக்கைத் தாய்க்கும் போட்டேன்: ஹாரியட் வாட்ஸ்வொர்த் லேத்ராப் என்றால் அவருடைய அம்மா வாட்ஸ்வொர்த் வீட்டுப் பெண். வாட்ஸ்வொர்த்துகள் ஹார்ட்ஃபோர்டில் பெரிய குடும்பம். அந்தக் குடும்பத்து ஆவணங்களைத் தேடித் தரச் சொல்லி அங்குள்ள ஆய்வாளர் ஒருவருக்கு மணிக்கணக்கில் கூலி கொடுத்தேன். 220 டாலர் போன பிறகு "அப்படி ஒரு திருமணம் இல்லை" என்று பதில் வந்தது. ஹாரியட்டின் தந்தை சார்லஸ் லேத்ராப்; தாய் ஜோவன்னா லெஃபிங்வெல். தங்கை ஹாரியட் ஜோவன்னாவின் பெயரிலேயே தாயின் பெயர் இருந்தது. கண் முன்னால் இருந்ததை நான் பார்க்கவில்லை. நடுப்பெயர் தாயின் குடும்பத்திலிருந்து வரலாம். பாட்டி, குடும்ப நண்பர், போதகர், ஊர்ப் பெரிய மனிதர் என்று யாரிடமிருந்தும் வரலாம். இன்னொரு தங்கை எலிசபெத் கோய்ட் லேத்ராப். கோய்ட் அந்தப் பக்கத்து மற்றொரு பழைய குடும்பம். ஆகவே முதலில் உடன்பிறந்தவர்கள் எல்லாருடைய முழுப் பெயரையும் சேகரித்து ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். குடும்பத்தின் பெயரிடும் பழக்கம் அப்போதுதான் கண்ணில் படும். அது இலவசம். அதைச் செய்யும் முன் யாருக்கும் கூலி கொடுக்காதீர்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் முதலில் ஓடுவது அங்கேதான். அமெரிக்காவில் 1790 முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். அதை நம்பி ஒரு கட்டணத் தளத்தில் ஓராண்டுச் சந்தா கட்டினேன்; ஏறக்குறைய 25,000 ரூபாய். கட்டிய பிறகுதான் தெரிந்தது: 1790-லிருந்து 1840 வரை வீட்டுத் தலைவரின் பெயரை மட்டுமே எழுதினார்கள். மனைவி, மகள், தாய் எல்லாரும் வெறும் எண்கள்; பெண்களை வயதுக் கட்டங்களாகப் பிரித்ததே 1800 முதல்தான். 1800-லும் 1810-லும் பெண்களுக்கு ஐந்து கட்டம்: 10 வயதுக்குக் கீழ், 10 முதல் 15, 16 முதல் 25, 26 முதல் 44, 45-ம் அதற்கு மேலும். 1800-ல் ஹாரியட்டுக்கு 4 வயது. முதல் கட்டத்தில் இருக்க வேண்டும். 1810-ல் 14, இரண்டாம் கட்டம். தந்தையின் வரியில் அந்தக் கட்டத்தில் எண் இருந்தால் அது அவராக இருக்கலாம். உறவுக்காரப் பெண்ணாகவோ வேலைக்கு இருந்த சிறுமியாகவோகூட இருக்கலாம். 1820-லும் 1830-லும் அவர் இலங்கையில். 1833-ல் இறந்துவிட்டார். ஆக, அமெரிக்கக் கணக்கெடுப்பு எதிலும் அவருடைய பெயர் ஒருமுறைகூட எழுதப்பட்டிருக்க வழியில்லை. இல்லாத ஒன்றை நான் நாலு மாதம் தேடியிருக்கிறேன். அன்றிரவு ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை. பணம் போனதைவிட, ஒரு பெண்ணின் முழு ஆயுளும் அப்பாவின் வரியில் ஒரு கோடாக முடிந்துபோனது என்னை உலுக்கியது.

மகள் ஹாரியட்டின் கதையும் ஏறக்குறைய அதுதான். 1830-ல் உடுவிலில் கைக்குழந்தை. தாய் இறந்த பிறகு தந்தையோடு அமெரிக்கா போனார். 1840-ல் அங்கே எந்த வீட்டில் இருந்தாரோ அந்த வீட்டுத் தலைவரின் பெயருக்கு எதிரே, 10 முதல் 14 வயதுக் கட்டத்தில் ஒரு எண். வீட்டிலிருந்த சுதந்திர மக்கள் எல்லாருடைய பெயரையும் எழுதத் தொடங்கியது 1850-ல். ஆனால் அவர் 1848-ல் ஜான் வெல்ஷ் டல்லஸ் என்ற மிஷனரியை மணந்து, 1849-ல் சென்னைக்கு வந்துவிட்டார். அப்பாவும் அப்போது சென்னையில்தான். பின்னாளில் அமெரிக்கா திரும்பிய மகள் 1861-ல் இறந்தார். எனவே 1860 ஒன்றில்தான் அவரைப் பெயரோடு பார்க்க வாய்ப்பு.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த வேலைமுறை இது. தேடப்படுபவர் பிறந்த ஆண்டு முதல் இறந்த ஆண்டு வரை ஒரு கோடு போட்டு, அதில் 1800, 1810, 1820 என்று கணக்கெடுப்பு ஆண்டுகளைக் குறித்து, ஒவ்வொன்றிலும் அவர் எந்த ஊரில், யாருடைய வீட்டில், என்ன வயதில், என்ன பெயரில் இருந்திருப்பார் என்று முதலில் எழுதிவிடுங்கள். பத்து நிமிட வேலை. அதற்குப் பிறகே தேடுங்கள். 1850-ல் பெயர் கிடைக்கும், உறவு கிடைக்காது. ஒரே வீட்டில் இருப்பவர் மகளா மருமகளா தங்கையா என்று அது சொல்லாது. வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்ற பத்தி 1880-ல்தான் வருகிறது. 1890 ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. வாஷிங்டனில் 1921-ல் நடந்த தீவிபத்தில் அழிந்து, மிச்சமும் பிறகு கழிக்கப்பட்டது. நீண்ட காலம் வாழ்ந்த பெண்ணாக இருந்தால் 1900 ஒரு புதையல்: பிறந்த மாதமும் ஆண்டும், திருமணமாகி எத்தனை ஆண்டு, எத்தனை பிள்ளை பெற்றாள், எத்தனை உயிரோடு இருக்கிறது என்று எல்லாம் அதில் இருக்கும். இந்தக் கணக்கெடுப்புகளை எல்லாம் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு ஒன்றைத் தொடங்கித் தேடலாம். சந்தா கட்டுவதானால், தேட வேண்டியவற்றை எல்லாம் பட்டியலிட்டு முடித்த பிறகு ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். நான் நிறுத்தாமல் விட்டு இரண்டாம் ஆண்டுக்கும் பணம் எடுக்கப்பட்டு, அதைத் திரும்பப் பெற ஏழு மின்னஞ்சல் எழுத வேண்டியிருந்தது.

கணக்கெடுப்பு கைவிட்ட இடத்தில் ஊர்ப் பதிவேடு கை கொடுத்தது. இங்கேயும் ஒரு விஷயம் தெரியாமல் நாள் போனது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் பதிவேடுகள் மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கும் என்பதால் கனெக்டிகட்டிலும் அப்படித்தான் என்று எண்ணி மாவட்ட அலுவலகத்தைத் தேடினேன். கனெக்டிகட்டில் பிறப்பு, திருமணம், இறப்பு, நிலப் பத்திரம் எல்லாம் அந்தந்த ஊர் எழுத்தரிடம். உயில்கள் அதற்கென்று உள்ள உயில் நீதிமன்ற வட்டத்தில். மாவட்ட நிர்வாகம் என்பதே அங்கே 1960-ல் எடுக்கப்பட்டுவிட்டது. 1850-க்கு முந்தைய ஊர்ப் பதிவுகளைப் பெயர் அகரவரிசையில் தொகுத்த பார்பர் தொகுப்பு ஒன்று உண்டு. மாநில நூலகம் வைத்திருக்கிறது. அதில் தொடங்குவதுதான் சரி. ஆனால் அது படியெடுத்த தொகுப்பு. பெயரும் பக்க எண்ணும் கிடைத்ததும் மூலப் பதிவேட்டின் படத்தையும் பார்த்துவிடுங்கள். நார்விச் பதிவேட்டில் ஒருவர் இல்லையென்றால் மனம் தளர வேண்டாம்; 1786-ல் நார்விச்சிலிருந்து போஸ்ரா, ஃபிராங்க்ளின், லிஸ்பன் ஆகிய மூன்று ஊர்கள் பிரிந்தன. வீடு நகரவில்லை, ஊர்ப் பெயர் நகர்ந்தது.

லேத்ராப் என்ற பெயரையே லோத்ராப் என்றும் எழுதுவார்கள். 1634-ல் இங்கிலாந்திலிருந்து வந்த போதகர் ஜான் லோத்ராப்பின் வழியில் வந்தவர்கள் இவர்கள். அவருடைய மகன் சாமுவேல் நார்விச்சில் வந்து குடியேறினார். தாய்வழி லெஃபிங்வெல்களோ 1659-ல் நார்விச்சை உண்டாக்கிய குடும்பங்களில் ஒன்று. இவ்வளவு பழைய குடும்பம் என்றால் ஊர் முழுக்கச் சொந்தம். ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். "ஜூனியர்" என்று போட்டிருந்தால் மகன் என்று பொருள் கொள்ள வேண்டாம். அக்காலத்தில் ஒரே ஊரில் ஒரே பெயருள்ள இருவரில் இளையவரைக் குறிக்க அப்படிப் போட்டார்கள். மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியர் ஆகிவிடுவார். 1752-க்கு முந்தைய தேதிகளில் 1732/3 என்று இரட்டை ஆண்டு வரும். அன்று ஆங்கிலேயருக்கு ஆண்டு பிறந்தது மார்ச் 25-ல். எனவே ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான தேதிக்குப் பழைய கணக்கில் ஓர் ஆண்டும் புதிய கணக்கில் அடுத்த ஆண்டும். இரண்டையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றைத் தள்ளினால், திருமணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாக ஒரு பொய்க் கணக்கு வரும்.

பழைய கையெழுத்தில் இரட்டை "எஸ்" வரும் இடத்தில் முதல் "எஸ்" நீளமாக, "எஃப்" போல இருக்கும். "மிஸ்" என்பது "மிஃப்ஸ்" போலத் தெரியும். லெஃபிங்வெல் என்ற பெயரில் உண்மையாகவே இரட்டை "எஃப்" இருப்பதால், அட்டவணை தயாரித்தவர்கள் சில இடங்களில் அதை "எஸ்" ஆக்கி வைத்திருந்தார்கள். அப்படியும் ஒருமுறை தேடிப் பாருங்கள். கல்லறைக் கல்லில் "கன்சார்ட்" என்றிருந்தால் கணவர் உயிரோடு இருக்கும்போது இறந்த மனைவி. "ரெலிக்ட்" என்றிருந்தால் விதவை. கணவர் எப்போது இறந்தார் என்பது தெரியாத இடத்தில் இந்த ஒரு சொல்லே முன்பா பின்பா என்று சொல்லிவிடும். மிஷன் கடிதங்களில் "சகோதரர்", "சகோதரி" என்பவை கூட ஊழியம் செய்தவர்களைக் குறிக்கும். வின்ஸ்லோ குடும்பக் கதையில் இது கூடுதல் சிக்கல். ஏனென்றால் அங்கே உண்மையான சகோதரிகளும் ஊழியத்தில் இருந்தார்கள்.

அந்தச் சகோதரிகளின் வருகை ஏன் 1833-ல்தான் தொடங்குகிறது என்று எனக்கு முதலில் புரியவில்லை. ஹாரியட் 1819 ஜூனில் பாஸ்டனிலிருந்து இண்டஸ் கப்பலில் புறப்பட்டு, கல்கத்தா வழியாக யாழ்ப்பாணம் சேர்ந்தார். அதற்கு அடுத்த பதின்மூன்று ஆண்டு புதிய அமெரிக்கர் பெயரே கண்ணில் படவில்லை. பட்டியலில் பக்கம் விடுபட்டிருக்கிறது என்றே நினைத்தேன். காரணம் அரசியல். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820-ல் புதிய அமெரிக்க மிஷனரிகள் இலங்கைக்கு வரத் தடை போட்டார். மிஷன் அச்சகத்தை நடத்த வந்தவரும் திருப்பி அனுப்பப்பட்டார். 1833-ல்தான் தடை நீங்கியது. அந்த ஆண்டே தங்கை எலிசபெத் தன் கணவர் ஹட்சிங்ஸோடு வந்தார். பின்னால் ஹாரியட் ஜோவன்னா பெர்ரியும், இன்னொரு தங்கை சார்லட் செர்ரியும். ஆவணத்தில் இடைவெளி வந்தால் ஆவணம் தொலைந்தது என்று முடிவு கட்டும் முன், அந்த ஆண்டுகளில் என்ன சட்டம் இருந்தது என்று பார்த்துவிடுங்கள்.

கடிதங்களைப் படிக்கும்போது தேதியில் கவனம் வேண்டும். அமெரிக்காவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே கடிதம் சேரப் பல மாதம் ஆகும். அதனால் ஒருவர் இறந்த பிறகும் அவர் பெயருக்குக் கடிதம் எழுதப்பட்டிருக்கும். கடிதத் தேதியை வைத்து "இந்த நாளில் உயிரோடு இருந்தார்" என்று எழுதிவிடக் கூடாது. யார் எழுதியதோ அவர் உயிரோடு இருந்தார், அவ்வளவே சொல்லலாம். கடிதத்தில் மாதப் பெயருக்குப் பதில் "அல்ட்" என்ற சுருக்கம் இருந்தால் போன மாதம், "இன்ஸ்ட்" என்றால் இதே மாதம். சில கடிதங்களில் ஒரு பக்கம் எழுதி முடித்து, தாளைத் திருப்பி, அதே எழுத்துகளின் மேல் குறுக்காக மறுபடி எழுதியிருப்பார்கள். அமெரிக்காவில் 1845 வரை தபால் கட்டணம் எடைக்கு அல்ல, தாள் எண்ணிக்கைக்கு. 400 மைலுக்கு மேல் போனால் தாளுக்கு 25 சென்ட், இரண்டு தாள் என்றால் இரட்டிப்பு. அதுவும் பெரும்பாலும் பெறுபவர் தலையில். படிக்கும் வழி: ஒரே நிறப் படமாக இல்லாமல் வண்ணப் படமாகக் கேட்டு வாங்குங்கள். திரையில் பெரிதாக்கி, ஒரு அட்டையில் ஒரு வரி அகலத்துக்குத் துளை வெட்டி வைத்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். ஒரு பக்கத்துக்கு எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. நிழல்நகல் வாங்கியபோது இரண்டு அடுக்கும் ஒரே கறுப்பாகி, ஒன்றும் படிக்க முடியாமல் பணம் போனது.

இந்த மிஷனரிகளை அனுப்பிய அமெரிக்க மிஷன் வாரியத்தின் ஆவணங்கள் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன. போகும் வசதி இல்லாதவர்கள் முதலில் வாரியத்தின் மாத இதழான மிஷனரி ஹெரால்டைப் படியுங்கள். பழைய தொகுதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவ், ஹாத்தி ட்ரஸ்ட் என்ற மின்னூலகங்களில் இலவசம். ஆனால் தேடு கட்டத்தில் இன்றைய ஆங்கில எழுத்தில் உடுவில் என்று போட்டால் ஒன்றுமே வராது. அன்று நான்கு "ஓ" போட்டு, பிரெஞ்சு ஊர்ப் பெயர் போல இறுதியில் இரட்டை "எல்"லும் "ஈ"யும் வைத்து "ஊடூவில்" என்று எழுதினார்கள். வட்டுக்கோட்டை அவர்களுக்கு "பட்டிகோட்டா", தெல்லிப்பழை "டில்லிபல்லி", பண்டத்தரிப்பு "பண்டிடெரிப்போ", மானிப்பாய் "மானெப்பி". வரி முடிவில் சொல் உடைந்திருந்தால் கணினிக்கு அது தெரியாது. பாதிச் சொல்லையும் தேட வேண்டும். அந்த இதழின் கடைசிப் பக்கங்களில் ஊர்வாரியாக நன்கொடைப் பட்டியல் வரும். பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள். எந்த ஊர்ப் பெண்கள் சங்கம், யார் பெயரில், எவ்வளவு கொடுத்தது என்பதெல்லாம் அங்கே இருக்கும். கணக்கெடுப்பில் பெயரே இல்லாத பெண்கள் பலர் அந்தச் சிறு எழுத்துப் பட்டியலில் பெயரோடு நிற்கிறார்கள். இலங்கைப் பக்கத்துப் பள்ளி மலர்களுக்கு "நூலகம்" என்ற இணையதளத்தைப் பாருங்கள்.

ஹாரியட்டின் வாழ்க்கைக்கு முதன்மை ஆதாரம் அவர் இறந்த பின் கணவர் தொகுத்து 1835-ல் நியூயார்க்கில் வெளியான நினைவு நூல்தான். அவருடைய நாட்குறிப்பும் கடிதங்களும் அதில் இருக்கின்றன. ஆனால் தொகுத்தவர் கணவர், படிப்பவர்கள் மிஷனுக்குக் காசு கொடுக்கும் மக்கள் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். மனச்சோர்வும் குறையும் இருக்கும்; அவை பக்தியில் போய் முடியும் இடம்வரைதான் அச்சில் வரும். நான் செய்த முட்டாள்தனம், இந்த நூலின் மறுபதிப்பு ஒன்றை அஞ்சல் செலவோடு 5,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து வரவழைத்தது. வந்தது தானியங்கி வருடலின் அச்சு, பக்கங்கள் மங்கல். அதே நூல் இணையத்தில் இலவசமாகத் தெளிவாக இருந்தது. வாங்கும் முன் இலவச மின்னூலகங்களில் ஆசிரியர் பெயரிலும், நூலில் வரும் பெண்ணின் இரண்டு பெயர் வடிவங்களிலும் தேடிப் பாருங்கள்.

அந்த நூலைப் படித்த வாரங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதுவரை எனக்கு ஹாரியட் ஒரு பெயர்ச் சிக்கல். அதற்குப் பிறகு அவர் ஒரு தாய். 1821-ல் பிறந்த மகன் சார்லஸ், படிப்புக்காக அமெரிக்கா அனுப்பப்பட்டு, 1832-ல் நியூயார்க்கில் 11 வயதில் இறந்தான். எட்டு மாதத்துக்குள் தாய் உடுவிலில் இறந்தார், 36 வயது. 1837 மார்ச்சில் ஹாரியட் ஜோவன்னாவும் கணவர் பெர்ரியும் சில நாள் இடைவெளியில் காலராவில் போனார்கள். அதே ஆண்டில் சார்லட்டும். ஒரே வீட்டிலிருந்து யாழ்ப்பாணம் வந்த நான்கு பெண்களில் எலிசபெத் மட்டும் ஊர் திரும்பினார். குடும்ப அட்டவணையில் இந்தத் தேதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக நிரப்பியபோது கை நின்றுவிட்டது. இரண்டு நாள் அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. இந்த வேலை செய்கிறவர்களுக்கு இது வரும். வந்தால் எழுந்து போய்விடுங்கள். அந்த மனநிலையில் தட்டிய இரண்டு தேதிகளை நான் மாற்றிப் பதிந்து, பிறகு ஒரு மாதம் கழித்துக் கண்டுபிடித்தேன்.

வம்சத்தைக் கீழ்நோக்கித் தேடுவது மேல்நோக்கித் தேடுவதைவிட எளிது, காரணம் அங்கே ஆண்களின் பெயர் தொடர்கிறது. மகள் ஹாரியட்டுக்கும் ஜான் வெல்ஷ் டல்லஸுக்கும் 1854-ல் பிறந்தவர் ஆலன் மேசி டல்லஸ். அவருடைய பிள்ளைகள்தான் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், உளவுத்துறைத் தலைவராக இருந்த ஆலன் டல்லஸ், பொருளியலாளரான எலினோர் லான்சிங் டல்லஸ். உடுவிலில் பிறந்த பெண்ணின் பேரப்பிள்ளைகள் அவர்கள். இவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் தாய்வழித் தாத்தா ஜான் ஃபாஸ்டரை விடாமல் சொல்வார்கள். அவரும் வெளியுறவு அமைச்சர் அல்லவா. தந்தைவழிப் பாட்டி உடுவிலில் பிறந்ததைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. எனவே புகழ்பெற்ற ஒருவரிலிருந்து பின்னோக்கிப் போகும்போது, ஒவ்வொரு தலைமுறையிலும் தந்தையின் தாயை நிறுத்திப் பெயர் கேளுங்கள்: பிறந்த வீட்டுப் பெயர் என்ன, பிறந்த ஊர் எது. டல்லஸ் குடும்பத்தில் எனக்கு மூன்று மாதம் மிச்சமானது இந்தக் கேள்வியால்தான். அதை முதல் நாளே கேட்டிருந்தால் போர்ட்லண்டுக்கும் ஹார்ட்ஃபோர்டுக்கும் நான் போயே இருக்க மாட்டேன்.